இரண்டு பக்கமும் கால் போட்டு

ஒரு பயண நூலின் இரண்டாம் பதிப்பில், அதை எழுதிய பெண் தன் காற்சட்டையைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டிவந்தது. நூலின் பெயர் ‘எ லேடீஸ் லைஃப் இன் த ராக்கி மவுன்டன்ஸ்’. 1879இல் லண்டனில் ஜான் முர்ரே பதிப்பகம் வெளியிட்டது. எழுதியவர் இசபெல்லா பேர்ட். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், 1873இன் இலையுதிர் காலத்திலும் பனிக்காலத் தொடக்கத்திலும், குதிரைமேல் எண்ணூறு மைலுக்கு மேல் அலைந்த கதை அது. பனிப்புயலில் இமைகள் உறைந்து ஒட்டிக்கொண்டதும், பதினான்காயிரம் அடிக்கு மேல் உயர்ந்த லாங்ஸ் சிகரத்தில் ஏறியதும், ஓநாய் ஊளையிடும் பள்ளத்தாக்கில் மரக்குடிசையில் தங்கியதும் அதில் வருகின்றன. ‘டைம்ஸ்’ நாளிதழின் விமர்சகருக்கு உறுத்தியது வேறு. இந்த அம்மாள் ஆண் உடை அணிந்துகொண்டு திரிந்திருக்கிறார் என்று எழுதிவிட்டார்.

பேர்ட் கொதித்துப்போனார். எனக்குத் தகப்பனும் இல்லை, உடன்பிறந்தவனும் இல்லை, ஆகவே பதிப்பாளராகிய நீங்கள்தான் அந்த ஆளைக் குதிரைச் சவுக்கால் அடிக்க வேண்டும் என்று முர்ரேயிடம் அவர் கேட்டுக்கொண்டதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சவுக்கடி நடக்கவில்லை. இரண்டாம் பதிப்பில் குறிப்பு மட்டும் வந்தது. கூடவே ஒரு கோட்டோவியம். உடம்போடு ஓரளவு ஒட்டிய மேற்சட்டை, கணுக்கால்வரை பாவாடை, அதற்குள்ளே துருக்கிப் பெண்கள் அணிவதுபோன்ற தொளதொளத்த காற்சட்டை, அதன் சுருக்கு வைத்த விளிம்பு காலணிமேல் விழும்படி. மலையேற வசதியான உடை, பெண்மைக்கு எந்தக் குறையும் வராத உடை என்பது அவர் வாதம்.

இந்தக் குறிப்பை நான் முதலில் வாசித்தபோது ஏமாற்றமாக இருந்தது. ‘ஆமாம், போட்டேன், அதற்கென்ன’ என்று அவர் கேட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. போட்டது காற்சட்டைதான், ஆனால் பாவாடைக்குள்தான் என்று விளக்கம் கொடுக்கிறார். கொடி பிடித்த பெண்ணாக அவரை நினைத்துக்கொண்டு நூலைத் திறக்கிறவர்களுக்கு இந்த ஏமாற்றம் நிச்சயம். நான்காண்டுகளாக அவ்வப்போது அவரை வாசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது எனக்கு அந்தக் குறிப்புதான் அவருடைய நூல்களிலேயே முக்கியமான பக்கமாகத் தோன்றுகிறது. குதிரைமேல் உட்காருகிற ஒரு பெண்ணுக்குச் சேணத்தைவிட இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது எது என்பது அந்தப் பக்கத்தில் தெரிகிறது.

இசபெல்லா பேர்ட் 1831இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். நாலடி பதினோரு அங்குல உயரம். சிறுவயதிலிருந்தே முதுகுத்தண்டில் ஓயாத வலி. 1850இல், பத்தொன்பதாவது வயதை ஒட்டி, முதுகெலும்புக்குப் பக்கத்திலிருந்த கட்டி ஒன்றை அறுத்தெடுத்தார்கள். வலி போகவில்லை. தூக்கமின்மையும் மனச்சோர்வும் சேர்ந்துகொண்டன. கடல் காற்று நல்லது என்று மருத்துவர்கள் சொல்ல, 1854இல் முதல்முறையாக அமெரிக்கா போய்வந்தார். அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். பிறகு நீண்ட இடைவெளி. 1858இல் தந்தை, 1866இல் தாய் இறந்தார்கள். மிஞ்சியது தங்கை ஹென்ரியட்டா. ஸ்காட்லாந்தில் தேவாலயப் பணி, கட்டுரை எழுதுதல், சோபாவில் படுத்திருத்தல் என்று ஆண்டுகள் போயின. 1872இல், நாற்பது வயது கடந்த நிலையில், மறுபடியும் மருத்துவர் ஆலோசனை, மறுபடியும் கப்பல்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அங்கிருந்து 1873 ஜனவரியில் நெவாடா என்ற பழைய கப்பலில் பசிபிக் கடலைத் தாண்டி ஹவாய்த் தீவுகள்.

வீட்டில் இருந்தால் நோயாளி, வெளியே போனால் பலசாலி என்று அவரைப் பிற்காலத்தில் பலர் கேலியும் வியப்புமாக எழுதியிருக்கிறார்கள். நோய் பொய் என்று சாடை காட்டுகிற எழுத்து அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. என் முதுகிலும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே வட்டு விலகியிருக்கிறது. ஐம்பது நிமிட வகுப்பில் நின்றால் வலிக்கும், அதே நான் மலைப்பாதையில் மூன்று மணிநேரம் நடந்தால் வலிக்காது. வலி பொய்யில்லை. வலிக்கும் இடம் உடம்புக்கு உள்ளே மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் பேர்ட் விஷயத்தில், குதிரை ஏறினாலும் வலித்தது. காரணம் சேணம்.

அவர் காலத்து ஐரோப்பியப் பெண்கள் குதிரையில் ஒருபக்கமாகத்தான் உட்கார வேண்டும். அதற்கென்றே தனிச் சேணம். 1382இல் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ரிச்சர்டை மணக்க வந்த பொஹீமியா நாட்டு ஆன் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தாள் என்று ஒரு கதை சொல்வார்கள். கன்னித்தன்மையைக் காப்பாற்ற ஏற்பட்டது என்பது கூடவே வரும் இன்னொரு கதை. தொடக்கம் எப்படியோ, அதன் அமைப்பைப் புரிந்துகொள்வது முக்கியம். இரண்டு கால்களும் குதிரையின் இடதுபக்கம். சேணத்தின் முன்பகுதியில் மேல்நோக்கி நிற்கும் ஒரு கொம்பு. வலது தொடையை அதன்மேல் மடித்துப் போட வேண்டும். இடது கால் கீழே, ஒற்றை அங்கவடியில். 1830களில் இரண்டாவதாக ஒரு வளைந்த கொம்பு இடது தொடைக்கு மேலே வந்தது. அதன் பிறகு பிடிமானம் நன்றாகிவிட்டது. அந்தச் சேணத்தில் வேலி தாண்டியவர்கள், நரிவேட்டைக்குப் போனவர்கள் ஏராளம். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் அதில் ஆண்களைப் பின்னால் விட்டுப் பாய்ந்தவர். எனவே அது வெறும் பொம்மை இருக்கை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இடுப்புக்குக் கீழே உடல் ஒருபக்கம் இருக்க, தோள்கள் குதிரையின் காதுகளுக்கு நேராகத் திரும்பியிருக்க வேண்டும். அந்த முறுக்கல் முழுவதையும் தாங்குவது முதுகுத்தண்டு. ஒரு மணிநேர உலாவுக்குச் சரி. நாளொன்றுக்கு முப்பது மைல் என்றால்?

இன்னொன்று உண்டு. இந்தச் சேணத்தில் தானாக ஏறுவது கடினம். யாராவது கையைக் கோத்துப் பிடிக்க, அதில் கால் வைத்து எழும்ப வேண்டும். இறங்கும்போதும் அப்படித்தான். காட்டுவழியில் பாவாடை கொம்பில் சிக்கித் தொங்கினால் விடுவிக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆபத்துக்காகவே, விழுந்தால் பிரிந்துகொள்ளும் பாவாடைகளைப் பின்னால் தைக்கத் தொடங்கினார்கள். தனியாகப் போக முடியாதபடி ஓர் இருக்கையை அமைத்துவிட்டு, பெண்கள் தனியாகப் போவதில்லை என்று சொல்வது எளிது.

நமக்கு இது புரியாத விஷயமா என்ன? எங்கள் வீட்டுத் தெருவில் நான் முதன்முதலில் அண்ணனின் வண்டியில் சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்துபோன நாள் நினைவிருக்கிறது. திண்ணையிலிருந்து பெரியம்மா, “என்னடி இது, ஆம்பளப் பிள்ள மாதிரி கால விரிச்சுக்கிட்டு?” என்றார். இறங்கி ஒருபக்கமாக உட்கார்ந்தேன். நம் ஊர் மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு தடுப்பு இருக்கும்; கடையில் சேலை கார்டு என்று கேட்டால் தருவார்கள். ஒருபக்கமாக உட்காருகிற பெண்ணுக்காக வண்டியையே மாற்றி அமைத்தோம். உட்காரும் விதத்தை மாற்றச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மாணவிகளோடு கொடைக்கானல் போனபோது, ஏரிக்கரையில் குதிரை வைத்திருந்த பையன் என் சேலையைப் பார்த்துவிட்டு, “மேடம், நீங்க ஒரு சைடா உக்காருங்க” என்றான். அது சாதாரணச் சேணம், கொம்பு கிடையாது. ஐந்து நிமிடமும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன். பார்த்த ஏரி நினைவில்லை. அவன் சட்டைக் காலர் நினைவிருக்கிறது.

ஹவாய்க்கு வருவோம். ஹீலோ என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்த பேர்டுக்குக் கிலாவேயா எரிமலையைப் பார்க்க வேண்டும். கரடுமுரடான எரிமலைப் பாறைகள்மேல் நெடுந்தூரக் குதிரைப் பயணம். பக்கவாட்டுச் சேணத்தில் சற்றுத் தூரம் போனதுமே முதுகு மறுத்துவிட்டது. எரிமலை இல்லை என்று முடிவாகும் நேரத்தில், உள்ளூர்ப் பெண்களைப் போல உட்கார்ந்து பாருங்களேன் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அவருக்குக் கூச்சம். இந்த முறைமேல் தனக்கு வலுவான வெறுப்பு இருந்தது என்பதை அவரே பதிவுசெய்திருக்கிறார். எரிமலை ஆசைதான் வென்றது. உயர்ந்த முன்கொம்பும் பின்சாய்வும் கொண்ட மெக்சிகோ பாணிச் சேணத்தில், இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறினார். வலி இல்லை. இப்படிப் போனால் கிலாவேயா, இல்லாவிட்டால் இல்லை என்று முடிவு செய்தார்.

அந்தத் தீவுகளில் குதிரை அப்படியொன்றும் பழைய விலங்கு அல்ல. 1803இல் அமெரிக்க வணிகர் ஒருவர் கலிஃபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து முதலாம் கமேஹமேஹா அரசருக்குக் கொடுத்தவைதான் முதல் குதிரைகள். பின்னர் மாடு மேய்க்கக் கற்றுத்தர மெக்சிகோ மேய்ப்பர்கள் வந்தார்கள். சேணம் அவர்களோடு வந்தது. எழுபது ஆண்டுக்குள் ஹவாய்ப் பெண்கள் குதிரையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஆண்களைப் போலவே உட்கார்ந்தார்கள். அதைப் பெண்மைக் குறைவென்று நினைக்க அவர்களுக்குக் காரணமும் இருக்கவில்லை. சாதாரண நாளில் தொளதொளத்த நீண்ட அங்கி. விழா நாளில் ‘பாவூ’ என்ற பல கஜ நீளத் துணியை இடுப்பிலிருந்து இரண்டு கால்களையும் மூடும்படி சுற்றிக்கொள்வார்கள், ஓடும்போது அது இரு பக்கமும் சிறகுபோலப் பறக்கும். கழுத்திலும் தொப்பியிலும் பூமாலை. சனிக்கிழமைகளில் ஹொனலூலு தெருக்களில் இப்படிப் பெண்களும் ஆண்களும் கூட்டம் கூட்டமாகக் குதிரையில் பாய்ந்து போவதைப் பேர்ட் வியந்து எழுதுகிறார். பல கஜத் துணி கட்டிய பெண் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடியும்! நம் சேலைக்கும் இது பொருந்தும் என்று நினைத்துக்கொண்டேன். மடிசாரும் பின்கொசுவமும் கட்டிய பெண்கள் வரப்பில் தாவியதும் பனங்காட்டில் சுமை தூக்கியதும் நமக்குத் தெரியாததல்ல.

ஹவாயில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கினார். வெள்ளம் புரளும் ஆறுகளைக் குதிரையோடு நீந்திக் கடந்தார். பதின்மூன்றாயிரம் அடிக்கு மேல் உயரமான மௌனா லோவாவில் ஏறி, எரியும் வாயின் விளிம்பில் இரவு தங்கினார். இவை 1875இல் நூலாக வந்தன. அவருக்கு உட்காரக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்தத் தீவுப் பெண்கள். கற்பித்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்கள் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், இவர் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண்களை ‘நேட்டிவ்’ என்று சொல்லி, அவர்களுடைய சோம்பலைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பாதிரியார் வீட்டுப் பெண்ணாக அவர் தரும் தீர்ப்புகளும் அதே நூலில் இருக்கின்றன. தன் முதுகைக் காப்பாற்றியவர்களுக்கே அவர் நற்சான்று எழுதத் தயங்குகிறார். இதைச் சொல்லாமல் அவரைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

அங்கிருந்து அமெரிக்கா. ட்ரக்கீ என்ற ரயில்நிலைய ஊரில் குதிரை வாடகைக்குக் கேட்கிறார். லாயக்காரர் பக்கவாட்டுச் சேணம் காட்ட, அதில் நெடுந்தூரம் போக முடியாதே என்று கூச்சத்தோடு பின்வாங்கப் பார்க்கிறார். அந்த மனிதர், உங்களுக்குத் தோன்றியபடி உட்காருங்கள், உலகத்தில் எங்கே இல்லாவிட்டாலும் ட்ரக்கீயில் அவரவர் விருப்பம்தான் என்கிறார். பேர்டின் மகிழ்ச்சி அந்தப் பக்கத்தில் துள்ளுகிறது. அன்றே ஒரு கரடி குறுக்கே வந்து, குதிரை மிரண்டு இவரைக் கீழே தள்ளிவிட்டு ஓடிப்போனது வேறு கதை. நடந்தே போனார். வழியில் வண்டிக்காரர்கள் குதிரையைப் பிடித்துக்கொடுத்தார்கள். தானே ஏறிக்கொண்டார். பக்கவாட்டுச் சேணமாக இருந்திருந்தால் பிடித்த பிறகும் சிக்கல்தான்.

கொலராடோவில் எஸ்டஸ் பார்க் பள்ளத்தாக்கு அவருக்குப் பிடித்துப்போயிற்று. பேர்டி என்ற செம்பழுப்புக் குதிரையில் பனிக்குள் தனியே பல நாள் பயணம். மாலையில் ஏதாவது ஒரு குடியேறியின் குடிசைக் கதவைத் தட்டித் தங்குவார். பாத்திரம் கழுவுவார், மாடு ஓட்டவும் போவார். ஒற்றைக் கண்ணரான ஜிம் நுஜெண்ட் என்ற மலைவாசியோடு லாங்ஸ் சிகரம் ஏறியதையும், அவர்களுக்குள் இருந்தது காதலா இல்லையா என்பதையும் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். எனக்கு அதில் அக்கறை இல்லை. சிகரத்தில் தான் ஏறவில்லை, ஒரு மூட்டையைப் போல இழுத்துக்கொண்டுபோனார்கள் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் என்பது போதும்.

எனக்கு அக்கறை டென்வர் நகர எல்லையில். மலையிலெல்லாம் இரண்டு பக்கமும் கால் போட்டு வந்தவர், நகரத்தை நெருங்கியதும் நிறுத்துகிறார். நீண்ட பாவாடையை எடுத்து அணிகிறார். ஒருபக்கமாக உட்கார்ந்து டென்வருக்குள் நுழைகிறார். அதே பெண், அதே குதிரை, அதே முதுகு. பார்க்கிறவர்கள் மாறிவிட்டார்கள். ஒரு வரைபடம் போட்டால், பேர்டுக்குக் கால் விரிக்க அனுமதித்த நிலப்பகுதிகளையும் அனுமதிக்காதவற்றையும் இரண்டு நிறத்தில் தீட்டிவிடலாம்: ஹவாய், ட்ரக்கீ, பனிக்காடு ஒரு நிறம், டென்வர், எடின்பரோ, ‘டைம்ஸ்’ அலுவலகம் இன்னொரு நிறம். ஊருக்குள் நுழையும்போது துப்பட்டாவைச் சரிசெய்துகொள்கிற என் மாணவிகளுக்கு இந்த வரைபடத்தை விளக்க வேண்டியதில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இந்த இடத்தில் மடல் நினைவுக்கு வராமல் போகாது. காதல் நிறைவேறாத தலைவன் பனங்கருக்கால் குதிரை செய்து, எலும்பும் எருக்கும் சூடி, ஊர் நடுவே ஏறி வருவேன் என்று மிரட்டுவது நம் மரபு. உண்மைக் குதிரைகூட அல்ல. மட்டையால் செய்த குதிரை. அதிலும் பெண் ஏறக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. வள்ளுவர், கடலளவு காமம் இருந்தாலும் மடலேறாததே பெண்ணின் பெருமை என்று அதைப் பாராட்டாகவே மாற்றிவிடுகிறார். பெண்ணோடு கடல் கடப்பது இல்லை என்ற விதியும் தொல்காப்பியத்தில்தான். நிலத்தில் குதிரையும் நீரில் கப்பலும் ஒருசேரப் பறிபோயின. பல நூற்றாண்டு கழித்துத் திருமங்கையாழ்வார் பெண்ணின் குரலில் இரண்டு மடல்கள் பாடுகிறார். அந்தப் பெண் மடலேறுவேன் என்கிறாள். தென்னாட்டு வழக்கம் தடுத்தால் வடநாட்டு நெறியை எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். இன்னொரு ஊர் வழக்கத்தைக் காட்டித் தன் ஊர் விதியைத் தாண்டுவது. ஹவாய்ப் பழக்கத்தைக் காட்டிப் பேர்ட் செய்ததும் இதுதான். (அந்தக் குரலை எழுதியவர் ஓர் ஆண் என்பதையும், அவள் கடைசிவரை மிரட்டுகிறாளே தவிர ஏறுவதில்லை என்பதையும் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு மாணவி கேட்டுவிடுவாள்.)

பேர்டின் குதிரையை யார் பிடித்தார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. 1878இல் ஜப்பானின் வடபகுதிகளில் அவர் போனபோது வாடகைச் சுமைக்குதிரைகள்தான். வைக்கோலால் பின்னிய லாடம். அது தேயத் தேயப் புதிது கட்ட வேண்டும். குதிரையை ஒருவர் கயிற்றில் பிடித்து முன்னே நடப்பார். சில இடங்களில் அப்படி நடந்தவர்கள் பெண்கள். மேலே ஒரு பெண், கீழே கயிற்றோடு ஒரு பெண். உலகம் சுற்றியவர் என்று புத்தக அட்டையில் வருவது ஒருவர் பெயர்தான். வீட்டில் இருந்தவர் ஹென்ரியட்டா. ஹவாய் நூலும் ராக்கி மலை நூலும் ஜப்பான் நூலும் முதலில் தங்கைக்கு எழுதிய கடிதங்கள். படித்து, பத்திரப்படுத்தி, திரும்பி வருவதற்கு ஒரு வீட்டை வைத்துக்கொண்டிருந்தது அவர்தான். 1880இல் டைஃபாய்டில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு பேர்ட், தங்கைக்கு வைத்தியம் பார்த்த ஜான் பிஷப்பைத் திருமணம் செய்துகொண்டார். ஐந்தே ஆண்டில் அவரும் இறந்தார்.

1889இல் இந்தியா வந்தார். கணவர் நினைவாகக் காஷ்மீரின் ஸ்ரீநகரிலும் தங்கை நினைவாக அமிர்தசரசிலும் மருத்துவமனைகள் அமையப் பணம் கொடுத்தார். பிறகு கியால்போ என்ற வெள்ளி நிறக் குதிரையில் லடாக். அங்கே ஷியோக் ஆற்று வெள்ளத்தைக் கடக்கையில் வேறொரு குதிரை அவர்மேல் விழுந்தது. அவருக்கு விலா எலும்பு ஒன்று முறிந்தது, குதிரை மூழ்கிச் செத்தது. அடுத்த ஆண்டின் பாரசீகப் பயணத்தில் இந்திய ராணுவத்தின் உளவு அதிகாரி ஒருவரோடு பக்தியாரி மலைநாட்டுக்குள் போனார். அவர் சுதந்திரமாகச் சென்ற பாதைகள் பலவற்றிலும் பேரரசு முன்னால் போயிருந்தது, அல்லது பின்னால் வந்துகொண்டிருந்தது. இதையும் அவர் எழுத்திலிருந்தே காட்டலாம். மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகுதான் லண்டனின் ராயல் புவியியல் சங்கம் அவரைக் கவனித்தது. ஸ்காட்லாந்தின் சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. லண்டன் சங்கம் சேர்க்கவில்லை. 1892 இறுதியில் அவரை முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த சில மாதங்களில் மொத்தம் இருபத்திரண்டு பெண்கள். உடனே பெரும் சண்டை. 1893 மே மாதம் ஜார்ஜ் கர்சன் ‘டைம்ஸ்’ இதழுக்கு எழுதினார்: பெண்ணின் பாலும் பயிற்சியும் அவளை நாடுகளை ஆராயத் தகுதியற்றவளாக்குகின்றன என்று. ஆம், பின்னாளில் நமக்கு வைஸ்ராயாக வந்து வங்காளத்தைப் பிரித்த அதே கர்சன்தான். அவர் பாரசீகத்தைப் பற்றி இரண்டு பெரும் தொகுதிகள் எழுதி வெளியிட்டது 1892இல்; பேர்டின் பாரசீக நூல் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. இருபத்திரண்டு பேர் அப்படியே இருக்கட்டும், இனிமேல் பெண்கள் வேண்டாம் என்று சங்கம் முடிவெடுத்தது. கதவு மறுபடி திறக்க 1913 ஆயிற்று. அப்போது சங்கத்தின் தலைவர் கர்சன். இந்த முறை அவர் ஆதரித்தார்.

அதே 1893இன் ஜனவரியில் ஹவாயில் இன்னொரு பெண்ணின் கதவு மூடப்பட்டது. லிலியுவோகலானி அரசியை அமெரிக்க வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து, அமெரிக்கக் கப்பற்படை வீரர்கள் கரையிறங்கி நிற்க, அரியணையிலிருந்து இறக்கினார்கள். இருபதாண்டுக்கு முன் பேர்ட் பார்த்த குதிரைப் பெண்களின் நாடு அதன் பிறகு அமெரிக்காவுக்குச் சொந்தமானது. பாவூ அணிந்த பெண்கள் இன்றும் கமேஹமேஹா நாள் ஊர்வலத்தில் குதிரையில் வருகிறார்கள், ஒவ்வொரு தீவுக்கும் ஒரு நிறமும் ஒரு பூவும் வைத்துக்கொண்டு.

பேர்டுக்குப் பிறகு எல்லாப் பெண்களும் இரண்டு பக்கமும் கால் போட்டுவிட்டார்கள் என்றும் இல்லை. 1886இல் ஐஸ்லாந்து போன எத்தல் ட்வீடி, பக்கவாட்டுச் சேணம் கிடைக்காததால் மற்றபடி உட்கார்ந்து, அதன் பிறகு அதற்காக ஊரறிய வாதாடினார். ஆனால் அவருக்குப் பின்னால் தம்பி பெர்சியோடு பாரசீகம் முழுக்கச் சுற்றிய எல்லா சைக்ஸ் 1898இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே பக்கவாட்டுச் சேணம் இருக்கிறது. அதற்கும் இருநூறு ஆண்டு முன்னால் சீலியா ஃபைன்ஸ் என்ற பெண் அதே மாதிரி உட்கார்ந்து இங்கிலாந்தின் பெரும்பகுதியைச் சுற்றி வந்து குறிப்பெழுதியிருக்கிறார். முறுக்கிய முதுகோடும் தொலைதூரம் போனார்கள். நாம் இப்போதும் பைக்கில் அப்படித்தான் ஐம்பது கிலோமீட்டர் போய்க் கல்யாணம் பார்த்துவிட்டு வருகிறோம்.

1901இல் பேர்ட் மொராக்கோ போனார். எழுபதாவது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சுல்தான் அவருக்குக் கரிய ஆண்குதிரை ஒன்றைக் கொடுத்தார், உயரமான குதிரை. நாலடி பதினோரு அங்குலப் பெண்ணுக்கு எட்டவில்லை. கூடவே ஓர் ஏணியைத் தூக்கிப்போனார்கள். ஒவ்வொரு முறையும் ஏணியைச் சாய்த்து அதில் ஏறிச் சேணத்தில் உட்கார்ந்து, அட்லஸ் மலைகளுக்குள் பெர்பர் மக்களின் ஊர்களுக்குப் போய்வந்தார். 1904 அக்டோபரில் எடின்பரோவில் இறந்தபோது, அடுத்த சீனப் பயணத்துக்காகக் கட்டிய பெட்டிகள் லண்டனில் காத்திருந்தன.